மாயா மூர் விட்டுப்போனது

வணக்கம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மாவட்டக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். இந்தக் கோடைப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்கிறாள். முழங்கால் வலிக்கிறதாம். அதட்டினால், ‘மாயா மூரே விட்டுவிட்டுப் போகவில்லையா?’ என்கிறாள். அந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை, உச்சத்தில் இருந்தபோது ஒரு கைதிக்காக ஆட்டத்தை உதறிவிட்டு, பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டவர். திறமையை வீணடித்த ஒருவர் பிள்ளைகளுக்கு முன்மாதிரியா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

2025இல் மாயா மூர் அமெரிக்கக் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டதிலிருந்தே அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

கல்யாணம் அவர்கள் பாடு, அதை விடுங்கள். அந்தக் கைதி, ஜொனதன் ஐரன்ஸ், 16 வயதில் கைதானவர். தண்டனை ஐம்பது வருடம். கைரேகை அறிக்கை ஒன்றை அவருடைய வக்கீலுக்குக் காட்டாமலே விட்டிருந்தார்கள். 2020இல் தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தார். ஒரு மனிதனின் ஆயுளுக்கு எதிரே கோப்பையை வைத்துக் கணக்குப் பார்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வீணடித்தார் என்கிறீர்கள். மின்னசோட்டா லிங்க்ஸ் அணிக்காக எட்டே சீசன்களில் நான்கு பட்டம், அதோடு இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2015 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். இண்டியானாவில், ஆட்டம் சமநிலை, மிச்சம் 1.7 விநாடி. பந்து கைக்கு வந்ததும் எறிவதுபோல் பாவனை காட்டுகிறார். தடுக்க வந்தவர் எகிறிக் கடந்து போகிறார். பந்தை ஒரே ஒரு தட்டு தட்டி, வளையத்தைப் பார்த்து எறிகிறார். மூன்று புள்ளி. அந்த நேரத்திலும் பதற்றமே இல்லாத கை அது.

ஆனால் அந்தக் கைக்கு ஓய்வு எப்போது கிடைத்தது என்று யாராவது கேட்டோமா? அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏ சீசன் கோடைக்காலத்தில். அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினின் வலென்சியா, அப்புறம் சீனாவின் ஷான்சி, பிறகு ரஷ்யா. நடுவில் தேசிய அணி. அன்றைய உள்ளூர்ச் சம்பளம் அவ்வளவு குறைவு. இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரி டயானா டவுராசிக்கு அமெரிக்காவில் கிடைத்தது ஒரு லட்சம் டாலர் சொச்சம். ரஷ்யாவின் எகத்தரின்பர்க் அணி அதைப்போல் பல மடங்கு கொடுத்தது. 2015இல் ‘அமெரிக்கச் சீசனில் ஆடாதே, ஓய்வெடு’ என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. சொந்த நாட்டு லீகில் ஆடாமல் இருக்க வெளிநாட்டுக்காரன் சம்பளம் தருகிறான்! 2022 பிப்ரவரியில் அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டுப் பத்து மாதம் அடைபட்டுக் கிடந்தாரே, அவரும் அதே எகத்தரின்பர்க் அணிக்கு ஆடத்தான் போய்க்கொண்டிருந்தார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரிகளை வருடம் முழுக்க ஓடவிட்டுவிட்டு, அவர்களில் ஒருத்தி 29 வயதில் ‘போதும், கொஞ்சம் நிற்கிறேன்’ என்றால் வீணடித்துவிட்டாள் என்கிறோம். 2019இல் விலகியபோது மாயா மூர் அந்த வருடத்தைக் குடும்பத்துக்கும் தன் இறைநம்பிக்கைக்கும் கொடுக்கப்போவதாகத்தான் சொன்னார். எனக்கு அது முழுக்கப் புரிந்தது.

அவர் முன்மாதிரியா என்பதை உங்கள் மகளே முடிவு செய்துவிட்டாள், நல்ல பெண். ‘முழங்கால் வலிக்கிறதாம்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதமே அதில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும், ஐயா. வளரும் வயதுப் பிள்ளை. இந்த வாரமே ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சிப் பேச்சே எடுக்காதீர்கள். சொன்ன பிறகும் போவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.