குருவி பார்க்க எத்தனை விதி?

வணக்கம் அண்ணா,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பறவை பார்க்கப் போகத் தொடங்கினோம். இரணைமடு, கல்மடு குளங்கள், சில மாதங்களில் சுண்டிக்குளம் வரை. யாரும் வரலாம் என்றுதான் சொன்னோம். இப்போது நாற்பது பேருக்கு மேல் வருகிறார்கள். ஒருவர் பாட்டுப் போடுகிறார். இன்னொருவர் குருவியை வரவழைக்க அதன் குரலையே போனில் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுகிறார். போன மாதம் ஒருவர் படமெடுப்பதற்காகக் கூட்டை மறைத்திருந்த கொப்பை முறித்துவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினேன். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, அவரோடு வரும் நாலு பேரும் வரவில்லை. இப்போது தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் அட்டை, 23 விதிகள் என்று ஒரு யாப்பு எழுதி இணைத்திருக்கிறேன். இது சரிவருமா?

அன்புள்ள தம்பி,

யாப்பை முழுவதும் வாசித்தேன். 23 விதிகளில் 17 மனிதரைப் பற்றியவை: யார் வரலாம், சந்தா எவ்வளவு, எங்கே கையொப்பம் வைக்க வேண்டும். குருவிக்கு மிஞ்சியவை ஆறுதான்.

முன்பு வவுனியாவில் நாங்கள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். ஒரே ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் நீளமாகப் பேசினார். "அண்ணை, பத்து நிமிசத்தில முடியுங்கோ" என்று அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் 19 விதி எழுதினோம். அவர் அத்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தபடியே நீளமாகப் பேசினார். புதிதாக வந்த பெடியள்தான் விதித்தாளைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆறு மாதத்தில் விதி எழுதிய நாங்கள் மூன்று பேரும் அவரும்தான் மிஞ்சினோம்.

அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று சொல்லவில்லை. போனில் குரல் ஒலிக்கும்போது, தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று நினைத்து அந்தப் பறவை கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய நேரம் வீணாகிறது. கொப்பை முறித்தால் குஞ்சுக்கு வெயில், காகத்துக்கு வழி. இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாவதாக, கூடு இருக்கும் இடத்தை நாற்பது பேருக்கும் சொல்லாதீர்கள். உலகம் முழுக்கப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளமே, பிடிக்கப்படவோ கொல்லப்படவோ கூடிய சில இனங்களைப் பார்த்த இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை. மற்றதெல்லாம் திறந்தே இருக்கட்டும். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே எதைச் செய்யக்கூடாதென்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதை 14ஆம் விதியாகத் திரும்ப எழுதுவானேன்?

மூன்று விதிக்கும் காரணத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி இருக்கிறதென்று சொல்லும் மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி யாரும் கால் வைப்பதில்லை. அதற்கு யாப்பா எழுதினோம்?

பாட்டுக்கும் அரட்டைக்கும் என்ன செய்வது? நீங்கள் குளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர். கட்டு எவ்வளவு உயரமானாலும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வான் இல்லாத குளம் உடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாற்பது பேர் கூடினால் கதைக்கத்தான் செய்வார்கள். எட்டு மணி வரை வாய் திறக்காமல் பார்ப்பது, அப்புறம் ஒரு மரத்தடியில் தேத்தண்ணியோடு படம், பாட்டு, ஊர்க்கதை எல்லாம் என்று வையுங்கள். நாற்பது பேரும் ஒரே இடத்துக்குப் போகாமல் பத்துப் பத்தாகப் பிரிந்து போங்கள். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு, அதுவும் வாய்க்கால் தண்ணீர் போல முறை வைத்து. இதுவரை காசு சேர்க்காத இடத்தில் சந்தாவும் பொருளாளரும் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

11ஆம் விதியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். உறுப்பினராக ஐம்பது பறவைகளின் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமாம்! கரிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்கு வறள் பகுதிகளிலும்தான் உண்டு. கொழும்பிலிருந்து தொலைநோக்கியோடு வருகிறவர் அதைப் பார்க்க இந்தப் பக்கம் வர வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளை அதை மாட்டு முதுகில் தினமும் பார்க்கிறது. கரிக்குருவி காகத்தையே துரத்தும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எந்த மரத்தில் கூடு கட்டும் என்றும் தெரியும். ஒருவர் கரிக்குருவி என்பார், இன்னொருவர் கரிச்சான் என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர் வேண்டியவர் பிறகு படிக்கட்டும். தொலைநோக்கி இல்லாதவரும் வரட்டும், இருக்கிறவர் மாறி மாறிக் கொடுக்கலாம்.

கொப்பை முறித்தவர் செய்தது பிழைதான். நாற்பது பேர் முன்னால் ஏசியதும் பிழை, தம்பி. விதி மீறியதற்காக அவர் போகவில்லை, வெட்கத்தில் போயிருக்கிறார். அவருடைய வீடு உங்களுக்குத் தெரியும்தானே? யாப்பை இங்கே வைத்துவிட்டு ஒரு பின்னேரம் தனியாகப் போய்வாருங்கள்.

அந்தக் கூட்டில் குஞ்சு பிழைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பிழைத்திருந்தால் அதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.