தடுத்தவர்களின் பெயர் ஏன் வருவதில்லை? பாடசாலை உதைபந்தாட்டச் செய்திகள் பற்றிக் கேள்வி பதில்

பாடசாலை உதைபந்தாட்டச் செய்திகளில் கோல் போட்டவர் பெயர் வருகிறது, தடுத்தவர் பெயர் வருவதில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை ஆட்டங்களைப் பல வருடமாகப் பத்திரிகைகளுக்கு எழுதி வருகிறேன். படிக்கும் காலத்தில் ஸ்டொப்பராக, அதாவது நடுப் பின்கள வீரராக விளையாடியவன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா: தம்பி, என் மகன் பாடசாலை அணியின் கோலி. வலய மட்டப் போட்டியில் 1–0 என்று வென்றார்கள். கடைசி நேரத்தில் இரண்டு பந்தைப் பாய்ந்து தடுத்தான். பேப்பரில் கோல் போட்ட பிள்ளையின் பெயர் மட்டும்தான் இருந்தது. நிருபர்மார் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

அக்கா, பல நேரம் நிருபர் அந்த மைதானத்திலேயே இருப்பதில்லை. ஒரே நாளில் மக்கெய்சர் மைதானத்தில் ஒரு ஆட்டம், கிண்ணியாவில் ஒன்று, மூதூரில் ஒன்று என்று நடக்கும். எல்லாவற்றுக்கும் ஓட முடியாது. பின்னேரம் பொறுப்பாசிரியருக்கு ஃபோன் எடுத்து, "சேர், முடிவு என்ன, கோல் போட்டது யார்?" என்று கேட்பார். நடுவரின் தாளிலும் கோலுக்கு இடமுண்டு, மஞ்சள் சிவப்பு அட்டைக்கு இடமுண்டு, வீரர் மாற்றத்துக்கும் இடமுண்டு. தடுத்த பந்துக்கு இடமில்லை. அந்தத் தாளில் இல்லாதது செய்திக்கும் வராது.

நிருபரிடம் கோபித்துப் பயனில்லை. ஆட்டம் முடிந்த அன்றே, "73ஆவது நிமிடத்தில் பெட்டிக்குள்ளிருந்து வந்த உதையை இடப்பக்கம் பாய்ந்து தட்டினார்" என்று ஒரு வரியைப் பொறுப்பாசிரியர் அவருக்கு அனுப்பட்டும். மறுநாள் அனுப்பினால் பக்கம் போய்விடும். நிமிடமும் விவரமும் இருந்தால் எந்த நிருபரும் அதைச் சேர்ப்பார். "மிகவும் திறமையாக விளையாடினார்" என்று மட்டும் அனுப்பினால் அதுதான் முதலில் வெட்டுப்படும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பயிற்றுநர்: நானா, எதை எழுதி வைப்பது? முழு ஆட்டத்தையும் எழுத முடியாதே.

முழுவதும் வேண்டாம். மேலதிக வீரர் ஒருவரிடமோ காயத்தால் வெளியே இருக்கும் பிள்ளையிடமோ ஒரு கொப்பியைக் கொடுங்கள். எங்கள் கோலை நோக்கி வந்த ஆபத்துகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். முதலில் நிமிடம், பிறகு வீரரின் சட்டை இலக்கம் ("அவர்கள் 9" என்றால் எதிரணியின் 9ஆம் இலக்க வீரர்). பக்கம் இப்படி இருந்தால் போதும்:

12 – அவர்கள் 9, பெட்டிக்கு வெளியே, வலது மேல் மூலை. கோலி விரல் நுனியால் தட்டி மூலை உதை.
31 – கோலி வெளியே வந்துவிட்டார். எங்கள் 4 கோட்டில் நின்று தலையால் எடுத்தார்.
58 – அவர்கள் 11 தனியாக வந்தார். எங்கள் 5 சறுக்கிப் பந்தை எடுத்தார், ஃபவுல் இல்லை.

கோலி தடுத்ததாக எதைக் கணக்கெடுப்பது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். அவர் தொடாவிட்டால் கோலாகியிருக்கும் உதை மட்டுமே கணக்கு. உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்ததும், கோலுக்கு வெளியே போகும் பந்தைப் பிடித்ததும் அதில் சேராது. கூட்டத்துக்குள் எழும்பிப் பிடித்த உயரப் பந்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது வேறு திறமை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி "இருபது சேவ்" என்று அனுப்பினால் அடுத்த முறை உங்கள் கொப்பியை யாரும் நம்ப மாட்டார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது எந்தப் பக்கம் என்பதையும் மேலே எழுதி வையுங்கள். எதிர்க்காற்றில் நிற்கும் பாதியில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று கணிப்பதே கோலிக்குப் பெரிய பாடு. அந்தப் பாதியில் பிடித்த பந்துக்கு மதிப்புக் கூட.

நகரிலிருந்து, செய்தி எழுதப் பழகும் ஒரு மாணவி: அண்ணா, கோலியைப் பற்றி எழுத ஏதோ கிடைக்கிறது. பின்கள வீரர்களைப் பற்றி "அரணாக நின்றனர்" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வருவதில்லை.

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம், தங்கச்சி. நல்ல பின்கள வீரரின் வேலை பெரும்பாலும் கண்ணில் படாது. பந்து வர வேண்டிய இடத்தில் அவர் முன்கூட்டியே நிற்பார், அதனால் அந்தப் பந்து வராது. நடக்காத ஒன்றை எழுதுவது எப்படி என்பதுதான் சிக்கல்.

ஒரு வழி சொல்கிறேன். எதிரணியின் முன்கள வீரரைப் பாருங்கள். முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டவர் இன்று இலக்கை நோக்கி ஒரு தடவைகூட உதைக்கவில்லை என்றால், யாரோ அவரை உதைக்க விடவில்லை. அந்த யாரோ யார் என்று தேடுங்கள். பாதி ஆட்டம் பந்தை விட்டுவிட்டு அந்த இருவரை மட்டும் பார்த்தால் தெரிந்துவிடும். முன்கள வீரர் வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறார், பின்கள வீரர் அந்தப் பக்கத்தை மறித்து, அவர் உதைக்கச் சிரமப்படும் இடது காலுக்குத் தள்ளுகிறார். பந்தைப் பறிக்கவில்லை, விழுத்தவில்லை. முன்கள வீரர் வேறு வழியில்லாமல் பந்தைப் பின்னால் அனுப்புகிறார். இதே காட்சி மூன்று நான்கு தடவை நடந்தால் உங்கள் செய்தியின் முதல் பந்தியே அதுதான். "இரண்டு ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டிருந்த இன்னாருக்கு நேற்று இலக்கை நோக்கி ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. கடைசிவரை அவரை இடது காலுக்கே தள்ளியவர் வலது பின்கள வீரர் இன்னார்." இதை வாசிக்கும் பிள்ளை வெட்டி ஒட்டி வைக்கும்.

மூலை உதைகளையும் எண்ணுங்கள். எதிரணிக்குக் கிடைத்த ஏழில் ஐந்தை ஒருவரே தலையால் எடுத்திருந்தால் அது கட்டாயம் செய்தி. கோலுக்கு முந்தைய பந்து எங்கிருந்து தொடங்கியது என்றும் பின்னோக்கிப் பாருங்கள். பல கோல்கள் ஒரு பின்கள வீரர் பந்தைப் பறித்த இடத்தில்தான் தொடங்குகின்றன. "அரண்", "சுவர்", "கோட்டை" மூன்றையும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள்.

கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர்: அமெரிக்காவில் என் மருமகளின் பாடசாலை ஆட்டங்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும்போது, கோலி எத்தனை தடுத்தார் என்ற எண்ணும் வருகிறது. எங்கள் ஊரில் அதைச் செய்ய முடியாதா?

முடியும். அங்கே பாடசாலை ஆட்டங்களுக்குச் சின்னப் பெட்டிச் செய்தி போடும்போது கோல், கோலுக்குக் கொடுத்த பந்து, கோலி தடுத்தவை என்ற மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம். அணியே கணக்கெழுதிக் கொடுக்கிறது. கிண்ணியாப் பயிற்றுநருக்குச் சொன்ன கொப்பி அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெட்டியிலும் பின்கள வீரருக்கு இடமில்லை, கவனித்தீர்களா? எண்ண முடிந்ததுதான் பெட்டிக்குள் போகிறது. ஆகவே எண்ணோடு நிறுத்தாமல் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பேன்.

மூதூரிலிருந்து ஒரு வாசகர்: உலக அளவிலும் இதே கதைதானே?

கிட்டத்தட்ட இதே கதைதான். உலகின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பலோன் டோர் விருதை இதுவரை வென்ற ஒரே கோல் காப்பாளர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், அதுவும் 1963இல். பின்கள வீரர்கள் என்றால் பெக்கன்பவர் (1972, 1976), சாமர் (1996), கன்னவாரோ (2006). கோல் காப்பாளருக்கென்று யாஷின் பெயரிலேயே தனி விருது 2019இல்தான் வந்தது, பெண் கோல் காப்பாளருக்கு 2025இல். 2002 உலகக் கிண்ணத்தில் தொடரின் சிறந்த வீரர் விருது ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கானுக்குக் கிடைத்தது. ஒரு கோல் காப்பாளர் அதைப் பெற்றது அந்த ஒரு தடவைதான். இறுதியாட்டத்தில் அவருடைய அணி தோற்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய மாணவர் சங்க உறுப்பினர் ஒருவர்: எங்கள் சுற்றுப்போட்டியில் சிறந்த கோல் காப்பாளர் விருது உண்டு. குறைவாகக் கோல் வாங்கியவருக்குக் கொடுக்கிறோம். சரிதானே?

அது பெரும்பாலும் நல்ல பின்களம் உள்ள அணிக்குப் போகும் விருது. ஒருவருக்கு மூன்று உதை வந்து ஒன்று கோலாகிறது. இன்னொருவருக்குப் பதினான்கு வந்து நான்கு கோலாகிறது. உங்கள் கணக்கில் முதலாமவர் வெல்வார். ஆனால் பதினான்கில் பத்தைத் தடுத்தவரின் வீதம் 71, மூன்றில் இரண்டைத் தடுத்தவரின் வீதம் 67. வேலையும் அவருக்குத்தான் அதிகம். அரையிறுதியில் தோற்ற அணியின் கோலிக்கும் இந்த விருது போகலாம் என்பதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

சிறந்த பின்கள வீரருக்கும் ஒரு கேடயம் வையுங்கள். பல சுற்றுப்போட்டிகளில் அது மட்டும்தான் இருப்பதில்லை. தெரிவை இரண்டு எதிரணிப் பயிற்றுநர்களிடம் கேளுங்கள். யார் தங்களை மறித்தது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

படம் எடுக்கும் ஒரு தம்பி: எனக்குக் கோல் விழும் படங்கள்தான் கிடைக்கின்றன.

எங்கள் அணி கோல் போடும் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். ஒரு பாதியை எங்கள் கோலுக்குப் பக்கத்தில் கழியுங்கள். மூலை உதை வரும்போது பந்தை விட்டுவிட்டுக் கோலியின் கையைக் குறி வையுங்கள்.

ஒரு ஆசிரியை: கோலி பந்தைக் கைநழுவ விட்டு அணி தோற்றால் அதையும் பெயரோடு எழுதுவீர்களா?

16 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் எழுத மாட்டேன். "கைநழுவிய பந்தை எதிரணியின் இன்னார் கோலாக்கினார்" என்பதோடு நிறுத்துவேன். முன்கள வீரர் வெறும் கோலுக்கு வெளியே அடித்ததை நாங்கள் அடுத்த நாளே மறந்துவிடுகிறோம். கோலியின் தவறை மட்டும் வீடியோவாக்கி, பாட்டுப் போட்டு, பேஸ்புக்கில் ஓட விடுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும் சேர்மாரே, அம்மாமாரே. அப்படியான வீடியோவைப் பகிராதீர்கள், யார் பகிர்ந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

தரம் 9 மாணவர், கோலி: சேர், என்னை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த வருடம் ஃபோர்வேர்டாக மாறவா?

முன்னால் விளையாட ஆசை என்றால் மாறுங்கள், தம்பி. பெயர் வரவில்லை என்பதற்காக மாற வேண்டாம். மாகாண மட்டத்துக்கு அணி எடுக்கும்போது முன்கள இடத்துக்குப் பெரிய கூட்டமே நிற்கும், நல்ல கோலியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலங்கைத் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய சுஜான் பெரேரா ஒரு கோல் காப்பாளர்தான். உயரப் பந்துக்கு வெளியே வரப் பழகுங்கள், வரும்போது "என்ட பந்து" என்று சத்தமாகக் கத்துங்கள். தெரிவாளர்கள் கோலியிடம் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. உங்கள் அடுத்த ஆட்டம் எந்தத் திகதி, எந்த மைதானம் என்று பொறுப்பாசிரியரிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.