மறியலுக்கு முன்னால் ஏ.ஆர். காப்பி
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் தெருப் பையனை விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்து, ராத்திரி அனுப்பிவிட்டார்கள். காலை ஊன்ற முடியவில்லை. விடிந்ததும் நான்குவழிச் சாலையில் உட்காரலாம் என்று ஊரே கொதிக்கிறது. உட்காரலாமா? - வாசகர், மேலூர்

பதில்: கொதிப்பு நியாயமானது. ஆனால் விடியும்வரை அந்தப் பையன் வீட்டில் கிடக்கக் கூடாது. மேலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ இப்போதே கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும்போது, எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, எத்தனை பேர், எதால் அடித்தார்கள் என்று பையனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. பயத்தில் 'பைக்கில் இருந்து விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு கடைசிவரை விடாது.

உள்ளங்காலில் விழுந்த அடி முதல் நாள் வெறும் வீக்கமாகத்தான் தெரியும். ரத்தக்கட்டு கறுத்து, பிறகு பச்சையாகி, மஞ்சளாக நாள் பிடிக்கும். ஆகவே இன்று, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று படம் எடுங்கள். காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். முகமும் காயமும் சேர்ந்து விழும்படி ஒரு படமாவது வேண்டும். ரத்தம் பட்ட கைலி, சட்டையைத் துவைக்காதீர்கள். நிழலில் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் நின்று கறை கெட்டுப்போகும்.

அடித்த ஸ்டேஷனில் புகார் வாங்க மாட்டார்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 173(4) வழி விடுகிறது. அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நேரில் கொடுத்தால், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். அதே மனுவில், இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுதுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா வைத்து 18 மாதப் பதிவைச் சேமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு ஜூனில்தான் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த ஸ்டேஷனில் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட் செய்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதனால் கடிதம் மறுநாளே போக வேண்டும்.

நான்குவழிச் சாலை வேண்டாம். வழக்கு உங்கள் பையன்கள் மேல் விழும், பேச்சும் அடித்தவர்களை விட்டுப் போக்குவரத்துப் பக்கம் திரும்பிவிடும். இடம் குறித்து ஆர்ப்பாட்டமாகச் செய்யுங்கள்.

கேள்வி: அனுமதி கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். முந்தின நாள் ராத்திரி போனில் 'இல்லை' என்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, திருமங்கலம்

பதில்: வாய்வார்த்தையாக வந்த மறுப்பைக் கோர்ட்டில் காட்ட முடியாது. மனுவை ஒரு வாரம் முன்னதாகவே கொடுங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனருக்கும், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் என்றால் டி.எஸ்.பி.க்கும் எழுத வேண்டும். தேதி, ஆரம்பிக்கும் நேரம், முடிக்கும் நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர், கோரிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். பாக்ஸ் ஸ்பீக்கர் என்றே குறிப்பிடுங்கள், கூம்பு ஸ்பீக்கருக்குத் தடை உண்டு. நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். 'இரண்டு நாளில் எழுத்தில் பதில் தரவும்' என்று கடைசி வரியாகச் சேருங்கள். எழுதி மறுத்தால் ஒத்தக்கடை பக்கம் இருக்கும் ஹைகோர்ட் கிளையில் ரிட் போடலாம். பதிலே தராவிட்டாலும் போடலாம், சீல் விழுந்த நகல் அதற்குப் போதும்.

போக்குவரத்து இடைஞ்சல் என்பதுதான் வழக்கமான காரணம். அதனால் மனுவிலேயே மாற்று இடமும் சொல்லிவிடுங்கள். மதுரைக்குள் என்றால் பழங்காநத்தமோ கலெக்டர் ஆபீஸ் பக்கம் திருவள்ளுவர் சிலையோ சொல்லலாம். அமைதியாக நடக்கும் போராட்டத்தைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல முடியாது என்று மதுரைக் கிளை 2018இல் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கெடுவது பெரும்பாலும் ஒரே ஒரு கல்லால்தான். முந்தின நாள் மாலையே இடத்தைப் பார்த்து, ஜல்லி, செங்கல் குவியல் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். இருபத்தைந்து பேருக்கு ஒரு தொண்டர், கையில் ஒரே நிறத் துணி. குடித்துவிட்டு வந்தவரை ஆரம்பத்திலேயே வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கிருந்தாவது கல் வந்தால் மைக்கில் 'எல்லாரும் உக்காருங்க' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கூட்டம் உட்கார்ந்ததும் எறிந்தவன் தனியாக நிற்பான், வீடியோவிலும் அவன் மட்டும் தெரிவான். வீடியோவுக்கு என்று இரண்டு பேர், இரண்டு முனையில். அவர்கள் கோஷம் போடக் கூடாது.

கேள்வி: காவலில் ஒருவர் இறந்துவிட்டால் உடலை வாங்க மறுப்பது சரியா? - வாசகர், உசிலம்பட்டி

பதில்: 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு 16 பேரைக் கொன்ற மண் உங்கள் ஊர்ப்பக்கம். அந்த வலியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்காதீர்கள். நேரம் போகப் போக உடல் மாறும், காயம் மங்கும். பரிசோதனை முடிந்த பிறகு உடலை வாங்குவதில்தான் உங்கள் பிடி இருக்கிறது.

காவல் மரணத்தை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 196. பரிசோதனைக்கு முன் குடும்பத்தார் இருவர் உடலைப் பாருங்கள். திருப்பிப் போடச் சொல்லி முதுகு, பிட்டம், உள்ளங்கால் மூன்றையும் பார்க்க வேண்டும். வீடியோ எடுக்கச் சொல்லி மனு கொடுங்கள். அறிக்கையில் சந்தேகம் இருந்தால் எரிக்காதீர்கள், புதையுங்கள். மறுபரிசோதனைக்கு வழி இருக்கும்.

2025 ஜூனில் காவலில் இறந்த மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீஸார் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து போனில் படம் பிடித்தார். அந்த வீடியோ கோர்ட்டுக்குப் போனது. போலீஸார் ஐந்து பேர் கைதான அந்த வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. அப்படிப் பதிவு கையில் இருந்தால் மூலப் போனை அப்படியே வக்கீலிடம் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியில் எடுத்த நேர விவரம் நிற்காது.

பேச்சுவார்த்தையில் எஃப்.ஐ.ஆர். நம்பரையும், விசாரணை அந்த ஸ்டேஷன் கையில் இல்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நிவாரணத் தொகை வாங்கினால் வழக்கை விட்டதாக ஆகாது. 'புகார் ஏதும் இல்லை' என்ற காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கைது செய்து மண்டபத்தில் வைத்தால்? - மாணவி, மதுரை

பதில்: ஏறும்போதே ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் பெயர்ப் பட்டியல் எழுதி, வெளியே இருப்பவருக்கு அனுப்ப வேண்டும். சாயங்காலம் விடும்போது அந்தப் பட்டியலோடு தலை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் மற்றவர்கள் கிளம்பக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்ய முடியாது. வக்கீல் இல்லை என்றால் 15100, இலவச சட்ட உதவி எண். பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள், போனை முதலில் வாங்கிவிடுவார்கள்.