தக்காளிப் பூ உதிர்வதற்கு உரம் மருந்தல்ல

ஏப்ரல் வெயிலில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடியில் தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது, செண்டுமல்லியும் வெளிறுகிறது, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து உரம் எதுவும் போடாதீர்கள். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும்.

உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் ஒரு கணு மஞ்சளாகி, அங்கேதான் ஒடிந்திருக்கும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் வீணாகிவிடும், காய் பிடிக்காது. நான் பொள்ளாச்சிப் பக்கம், எங்கள் மாடியிலும் இதே கதைதான். போதாததற்கு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு செடிப் பையின் மண்ணை உலர்த்திவிடும்.

வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பையின் மேல் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீரை விடியற்காலையில் ஊற்றுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம், மழை இறங்கிச் சூடு தணிந்ததும் மறுபடி காய்க்கலாம். அதுவரை குழம்புக்கு வெண்டையும் கொத்தவரையும் விதையுங்கள், இரண்டும் வெயிலுக்கு அசராது.

அப்புறம் செண்டுமல்லி. இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா? இருந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன். நாலைந்து நாள் காலையில் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டுச் சொல்லுங்கள்.