படம் நாணயத்தோடு போகட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய நாணயங்களை இணைய ஏலத்தில் விற்கிறேன். படங்களை மெனக்கெட்டு எடுப்பேன். அண்மையில் இன்னொரு விற்பனையாளர், "நீங்கள் விற்ற மரியா தெரேசா தாலரின் படத்தை என் விற்பனைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா? என்னிடமும் அதே நாணயம் இருக்கிறது. உங்கள் பெயரையும் கீழே போட்டுவிடுகிறேன்" என்று பணிவாகக் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், கேட்ட முறையும் மரியாதையானதுதான். இருந்தாலும் அவரிடம் பணம் கொடுத்து வாங்கப் போகிறவரை நினைத்து மறுத்துவிடுங்கள்.

அவர் கேட்டிருக்கும் நாணயமே இதற்குச் சரியான உதாரணம். பேரரசி மரியா தெரேசா இறந்தது 1780-இல். அதன் பிறகு எத்தனையோ தலைமுறைகளாக அந்த வெள்ளித் தாலரை அடித்துக்கொண்டே இருந்தார்கள், எல்லாவற்றிலும் 1780 என்ற ஆண்டையே போட்டு. வியன்னாவில் அடித்தார்கள், மிலானில் அடித்தார்கள், வெனிஸ், லண்டன், பம்பாய் என்று பல அச்சாலைகள். எது எங்கே, ஏறக்குறைய எப்போது அடித்தது என்பதை அரசியின் தோளில் ஆடையில் குத்தியிருக்கும் புரோச் என்ற அணியின் முத்துகளை எண்ணியும், பின்பக்கத்துக் கழுகின் வால் இறகுகளைப் பார்த்தும், விளிம்பு எழுத்துகளைக் கவனித்தும்தான் சொல்ல முடியும். சில வகைகள் எளிதில் கிடைக்கும், சில வகைகளுக்குச் சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். உங்கள் படத்தில் முத்துகளை எண்ணிப் பார்த்து ஒருவர் அந்த விற்பனையாளரின் நாணயத்துக்கு விலை கேட்கிறார் என்று வையுங்கள். கைக்கு வருவது வேறு அச்சாலை நாணயமாக இருந்தால் அவர் ஏமாந்ததற்கு உங்கள் படம்தான் காரணம். கீழே உங்கள் பெயரும் இருக்கும். பெயர் போடுவதை அவர் உங்களுக்குச் செய்யும் மரியாதையாக நினைக்கிறார். வாங்குபவரோ அதை நீங்கள் சொன்ன சாட்சியாக எடுத்துக்கொள்வார்.

வேறு நாணயங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் 1909 லிங்கன் சென்ட்டில், ஆண்டுக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோ அச்சாலையைக் குறிக்கும் சிறிய 'எஸ்' எழுத்தும் பின்பக்கத்தில் வடிவமைப்பாளரின் 'வி.டி.பி.' என்ற முதலெழுத்துகளும் சேர்ந்து இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு. அப்படி அடித்தவை 4,84,000 மட்டுமே. சாதாரணக் காசில் 'எஸ்' எழுத்தை ஒட்டவைத்து விற்கும் மோசடி வெகு காலமாக நடக்கிறது. அந்த எழுத்தின் அடியில் ஒட்டிய கோடு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறவருக்கு வேறொரு காசின் படத்தைக் காட்டினால் அவர் பார்த்ததற்கு என்ன பயன்?

பழங்கால நாணயங்களுக்கு வந்தால் விஷயம் இன்னும் தீவிரமாகிறது. ரோமானிய தெனாரியஸ், ஏதென்ஸின் ஆந்தை நாணயம் எல்லாம் கையால் அடித்தவை. சுத்தியல் எங்கே விழுந்தது, உலோகத் துண்டு எந்தப் பக்கம் பிதுங்கியது, விளிம்பில் எங்கே விரிசல் விட்டது என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்கள் கூட முழுக்க ஒத்திருக்காது. போலிகளை நாம் பிடிப்பதே இதை வைத்துத்தான். கள்ள அச்சு செய்கிறவர்கள் ஓர் அசல் நாணயத்தைப் பிரதி எடுத்து அச்சு தயாரிப்பார்கள். அசலில் மூக்கின் மேல் ஒரு வெட்டு இருந்தால் அத்தனை போலியிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருக்கும். இரண்டு ஏலங்களில் வந்த இரண்டு நாணயங்களில் ஒரே காயத்தைப் பார்த்தால் சேகரிப்பாளர்கள் உஷாராகிவிடுவார்கள். இப்போது ஒரே படம் நாலு பேர் பக்கத்தில் உலவினால், எது போலி, எது வெறும் இரவல் படம் என்று யார் பிரித்துச் சொல்வது? இந்தக் கலையில் நமக்கு இருக்கும் மிக நல்ல காவலை நாமே குழப்புகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

நாணயத்தின் பூர்வீகமும் படத்தில்தான் இருக்கிறது. கலைப் பொருட்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல் வந்தது. அதற்கு முன்பே ஒரு நாணயம் சந்தைக்கு வந்துவிட்டது என்று நிரூபிக்க விரும்புகிறவர்கள் பழைய ஏலப் பட்டியல்களைப் புரட்டி, தங்கள் கையில் இருப்பதே அதில் அச்சாகியிருக்கிறதா என்று விரிசல் விரிசலாக ஒப்பிடுவார்கள். அந்தக் காலத்துப் பட்டியல்களில் நாணயத்துக்கு பிளாஸ்டர் சாந்தில் வார்ப்பு எடுத்து, அந்த வார்ப்பைப் படம் பிடித்துப் போட்டார்கள். வெள்ளியின் பளபளப்பு இடையூறு செய்யாமல் உருவம் தெளிவாகத் தெரிவதற்கு அந்த ஏற்பாடு. நூறு வருஷம் கழித்து ஒருவர் உங்கள் படத்தையும் அப்படித் தேடுவார். அப்போது அது உண்மையைச் சொல்ல வேண்டும்.

படம் கேட்டவருக்கு இப்படி எழுதுங்கள்: "கேட்டதற்கு நன்றி. அந்தப் படம் நான் விற்ற குறிப்பிட்ட நாணயத்துக்கு உரியது. இன்னொரு நாணயத்தை விற்க அதைப் பயன்படுத்தினால் வாங்குபவருக்குக் குழப்பம் வரும். உங்கள் நாணயத்தை நீங்களே படம் எடுக்க நான் உதவுகிறேன்."

கடைசி வரியை வெறும் ஒப்புக்கு எழுத வேண்டாம், செய்தும் கொடுங்கள். பெரிய கேமரா தேவையில்லை. கைபேசியை அசையாமல் ஸ்டாண்டில் பொருத்தி, லென்ஸ் நாணயத்துக்கு நேர் மேலே இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு விளக்குகளை உயரத்தில், ஒன்று கடிகாரத்தின் பத்து மணி இருக்கும் பக்கம், இன்னொன்று இரண்டு மணி பக்கம் வைத்தால் முகத்தின் மேடுபள்ளம் நன்றாக எழும்பும். தேயாத வெள்ளியைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம் போலச் சுழலும். அதைப் பிடிக்க வேண்டுமானால் விளக்கை மெல்லிய வெள்ளைத் தாளால் மறைக்கக் கூடாது, மறைத்தால் பளபளப்பு செத்துவிடும். கண்ணாடி போல மின்னும் புரூஃப் நாணயத்துக்கு வேறு வழி: நாணயத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் துண்டை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டு நேர் கீழே விழும்படி செய்து, அதே கண்ணாடி வழியாகவே படம் எடுப்பது. கீறல் இருந்தால் அது தெரியும் கோணத்தில் இன்னொரு படம் கட்டாயம் வேண்டும். விளிம்பையும் எடுக்கட்டும். தாலருக்கு விளிம்பு முக்கியம் என்று மேலேயே சொன்னேன்.

ஒரே ஒரு விலக்கு சொல்லலாம். அச்சாலை உறையைப் பிரிக்காமல் வரும் புதிய தொகுப்புகளை மொத்தமாக விற்கிறவர், "இது மாதிரிப் படம், நீங்கள் பெறுவது இதே வகையில் வேறொன்று" என்று முதல் வரியிலேயே எழுதினால் எனக்கு மறுப்பில்லை. அதுவும் விற்கும் தளத்தின் விதி அனுமதித்தால்தான். பல தளங்கள் பயன்படுத்திய பொருளுக்கு அந்தப் பொருளின் படத்தையே கேட்கின்றன.

கேள்வி: என்னிடம் நாணயம் வாங்கியவர் சில மாதம் கழித்து அதை மறுபடி ஏலம் விட்டிருக்கிறார், நான் எடுத்த படத்தைப் போட்டு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபமாக இருக்கிறது.

பதில்: கேட்டிருக்க வேண்டும். நாணயத்தை வாங்கினால் படத்தின் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. ஆனால் இந்தக் கோபத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தப் படம் அந்த நாணயத்தைத்தான் காட்டுகிறது, யாரையும் ஏமாற்றவில்லை. நான் விற்கும் ஒவ்வொரு நாணயத்தோடும், "மறுவிற்பனைக்கு இந்தப் படத்தைப் பயன்படுத்தலாம், இந்த நாணயத்துக்கு மட்டும்" என்று எழுதிய சீட்டு வைத்து, பெரிய அளவுப் படத்தையும் அனுப்பிவிடுகிறேன். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உங்களிடம் இருந்தபோது இல்லாத கீறலோ கறையோ பின்னால் வந்திருந்தால் புதிய படமும் சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளி கறுக்கும், செம்பு நிறம் மாறும். பழைய படம் பழைய நிலையைத்தான் சொல்லும்.

கேள்வி: நாணயத்தை வடிவமைத்தது நானில்லை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ. அதைப் படம் எடுத்துவிட்டு "என் படம், என் உரிமை" என்று சொல்வது நியாயமா?

பதில்: நியாயம்தான், பெரும்பாலும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி புகைப்படமும் படைப்புதான், எங்கும் பதிவு செய்யாமலே உரிமை பிறந்துவிடும். அந்த உடன்படிக்கை புகைப்படத்துக்குச் சொல்லும் குறைந்தபட்சக் காலம் எடுத்ததிலிருந்து 25 ஆண்டு. பல நாடுகள் இதைவிட அதிகம் தருகின்றன.

நீங்கள் கேட்பதற்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பழைய ஓவியங்களை அப்படியே பிரதியாகப் படம் பிடித்தால் அதில் சுயமான படைப்பு எதுவும் இல்லை, உரிமையும் இல்லை என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-இல் பிரிட்ஜ்மேன் – கோரல் வழக்கில் சொன்னது. ஓவியம் தட்டையானது. நாணயம் மேடுபள்ளம் உள்ளது, விளக்கை எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் நிழல் விழவேண்டும் என்று எடுப்பவர் முடிவு செய்கிறார். அதனால்தான் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் பொதுப் படக் களஞ்சியத்தில் மிகப் பழைய நாணயத்தின் படத்துக்குக் கூட எடுத்தவரின் அனுமதி கேட்கிறார்கள். ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து எடுத்த படத்துக்கு இதே வாதத்தைச் சொல்வது கடினம்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஏல நிறுவனம் எடுத்த படத்துக்கும், தரச்சான்று நிறுவனம் எடுத்துத் தந்த படத்துக்கும் வேறொருவருக்கு அனுமதி கொடுக்க உங்களால் முடியாது. அவை உங்கள் நாணயத்தின் படங்களாக இருந்தாலும் நீங்கள் எடுத்தவை அல்லவே.

கேள்வி: படத்தின் நடுவில் பெரிதாக வாட்டர்மார்க் போட்டுவிட்டால் தொல்லை தீருமா?

பதில்: வாங்குபவருக்குத்தான் தொல்லை. முகத்தின் குறுக்கே எழுத்து ஓடினால் கீறலை எப்படிப் பார்ப்பார்? பின்னணியில், விளிம்பை ஒட்டிச் சின்னதாகப் போடுங்கள். வெட்டி எடுப்பவர் வெட்டத்தான் செய்வார். வெட்டாத மூலப் படத்தைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள், தகராறு வந்தால் அதுதான் பேசும். படக் கோப்புக்குள் பெயர் பதிப்பதும் நல்லதே, ஆனால் பல தளங்கள் ஏற்றும்போதே அதை அழித்துவிடும்.

கேள்வி: என் படத்தை வைத்து முன்பின் தெரியாத ஒருவர் வேறு நாணயம் விற்கிறார். ஏலம் முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பக்கம் முழுவதையும், முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு அவருக்கு ஒரு கடிதம்: "இந்தப் படத்தில் இருக்கும் நாணயத்தை நான் ஏற்கெனவே விற்றுவிட்டேன். உங்களிடம் இருப்பதன் படத்தைப் போடுங்கள்." பாதிப் பேர் அறியாமல் செய்கிறவர்கள், தேடலில் வந்த படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு நாளில் மாற்றவில்லை என்றால் தளத்தில் புகார் கொடுங்கள். பதிப்புரிமைப் புகாருக்கு எல்லாப் பெரிய தளங்களிலும் தனிப் படிவம் இருக்கும். உங்கள் மூலப் படத்தையும் பழைய விற்பனைப் பக்கத்தின் இணைப்பையும் அதில் சேருங்கள். வெறும் உரிமை மீறல் என்று மட்டும் எழுதாமல், காட்டும் பொருளும் விற்கும் பொருளும் வேறு என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

உங்களிடம் அந்த நாணயத்தை வாங்கியவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். தன்னிடம் இருப்பது இன்னொரு இடத்தில் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்து அவர் பதறிப்போவார், தன் நாணயம் போலியோ என்றுகூட நினைப்பார்.

கேள்வி: ஒரு ஆய்வு மாணவி என் படங்களைக் கட்டுரைக்குக் கேட்கிறார். இதற்கும் மறுப்புதானா?

பதில்: மனமாரக் கொடுங்கள். அச்சுகளை ஒப்பிட்டு எந்த அச்சு முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தும் ஆய்வுக்கு எத்தனை படம் கிடைத்தாலும் போதாது. தனியார் கையில் இருக்கும் நாணயங்கள் ஆய்வாளர்கள் கண்ணில் படுவதே அபூர்வம். எடையையும் விட்டத்தையும், முன்பக்கமும் பின்பக்கமும் எந்தத் திசையில் பொருந்துகின்றன என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்குப் பெரிய உதவி.

பொதுவில் திறந்துவிட நினைத்தால், எவரும் கேட்காமலே பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் தன் படங்களை அப்படித்தான் தருகிறது. பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தில் விற்பனையாளர்களும் எடுக்கலாம், முதல் கேள்வியில் பார்த்த சிக்கல் திரும்ப வரும். ஒருமுறை அந்த உரிமத்தில் கொடுத்த படத்தைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.