வாசகர் கேள்வி – பதில்: எப்போதும் இருவர்

கேள்வி: ஜப்பானில் சில மாதங்கள் பணிபுரிந்தபோது, வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திய அமெரிக்க இளைஞர்கள் மிதிவண்டியில் செல்வதைப் பலமுறை கண்டேன். மார்மன் மிஷனரிகள் என்று சொன்னார்கள். ஏன் எப்போதும் இருவராகவே வருகிறார்கள்? அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

பதில்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யின் ஊழியர்கள் அவர்கள். அச்சபை ஜப்பானில் 1901இல் பணியைத் தொடங்கி, 1924இல் நிறுத்திக்கொண்டு, போருக்குப் பின் 1948இல் மீண்டும் வந்தது. இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும் பணியாற்றுகிறார்கள். இளைஞர்கள் புறப்படுவதற்கான குறைந்தபட்ச வயது 2012 அக்டோபரில் 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சபைத் தலைமை முடிவுசெய்து அறிவிக்கும்.

பொதுவாகக் காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சியும் சிற்றுண்டியும் முடித்து, விவிலியத்தையும், மார்மன் என்ற பெயருக்குக் காரணமான சபையின் தனி வேதமாகிய மார்மன் நூலையும் தனியாகவும், துணைவராக இணைக்கப்பட்ட மற்ற மிஷனரியுடன் சேர்ந்தும் படிக்கிறார்கள். அந்நிய மொழி பேசும் நாடானால் மொழிப்பயிற்சிக்கும் அன்றாடம் நேரம் ஒதுக்குகிறார்கள். பிறகு வெளியே கிளம்பினால் தெருவில் பேசுவது, வீடுகளுக்குச் செல்வது, சபையினரைச் சந்திப்பது, ஜப்பானில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துவது என்று இரவு ஒன்பது மணிவரை பொழுது போய்விடும், 10.30க்கு விளக்கணைத்தாக வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி, காதல் ஆகியவற்றுக்கு இடமில்லை. மதுவும் புகையிலையும் மட்டுமல்லாமல் தேநீரும் காப்பியும் சபையினர் அனைவருக்குமே விலக்கு. விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பதை மரியாதையாகக் கருதும் ஜப்பானில் ஒவ்வொரு வீட்டிலும் அதைப் பணிவாக மறுக்கக் கற்றுக்கொள்வதே ஒரு தனிப் பயிற்சி.

ஆயினும் இந்த வாழ்க்கையின் கடினமான பகுதி மூடப்படும் கதவுகள் அல்ல, அந்த இரண்டாவது இளைஞர்தான் என்பது என் கருத்து. குளியலறை போன்ற தவிர்க்க முடியாத இடங்களைத் தவிர, துணைவரின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்பும், ஒருவர் சறுக்காமல் மற்றவர் காப்பதும் அதன் நோக்கம். ஆனால் அந்தத் துணைவர் நண்பராகத் தேர்ந்துகொண்டவர் அல்லர். யாரை யாருடன் எந்த ஊரில் வைப்பது என்பதை அப்பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் தீர்மானிக்கிறார், ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அந்த ஏற்பாடு மாறவும் கூடும். குறட்டை விடுபவர், பாத்திரம் கழுவாதவர், விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவர், அவற்றைச் சற்றும் பொருட்படுத்தாதவர் என எவருடன் இணைக்கப்பட்டாலும், கோபித்துக்கொண்டு சற்றுத் தொலைவு தனியே நடந்துவிட்டு வரும் வசதிகூடக் கிடையாது. பதினெட்டு வயதில் இதைத் தாங்குவது திருமணத்தைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: இவர்களுக்குச் சம்பளம் உண்டா? பெற்றோருடன் பேசலாமா?

பதில்: சம்பளம் இல்லை, செலவை அவர்களும் குடும்பத்தாருமே ஏற்கிறார்கள். ஒரு காலத்தில் செலவு மிகுந்த நகரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் பெற்றோர் திண்டாடியதால், 1991 முதல் அமெரிக்கக் குடும்பங்கள் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டாலும் ஒரே தொகையைச் செலுத்தும் முறை வந்தது. மாதம் 400 டாலராக இருந்த அத்தொகை 2020 ஜூலையில் 500 டாலராக உயர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், முடி திருத்தவும் விடப்படுகிறது. முன்பு அந்த நாளில் கடிதமோ மின்னஞ்சலோ மட்டும் எழுதலாம். தொலைபேசி அழைப்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் வீட்டாருடன் பேசவும் காணொளியில் முகம் பார்க்கவும் அனுமதி வந்துவிட்டது. அதைத் தளர்ச்சி என்று குறைகூறுவோரும் இருக்கலாம். பிள்ளையின் குரலைக் கேட்க அரையாண்டு காத்திருந்த தாய்மார்கள் அவ்வாறு சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: முடியவில்லையென்றால் பாதியிலேயே வீடு திரும்பலாமா?

பதில்: திரும்பலாம். இது தன்னார்வப் பணிதான். உடல்நலக் குறைவாலும் மனச்சோர்வாலும் முன்கூட்டியே திரும்புவோர் உண்டு. அவர்கள் சொந்த ஊரிலிருந்தே சமூகப் பணிசெய்து மீதிக் காலத்தை நிறைவுசெய்வதற்கும் சபை வழிவகுத்திருக்கிறது. ஆனால் புறப்படும்போது ஊரே கூடி வழியனுப்பிய ஒருவர் பாதியில் வந்து நிற்கும்போது, காரணத்தைக் கேட்கும் உறவினர்களுக்கு அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சியே நோயை மறைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.