குத்துவிளக்கு லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம்: காரணமும் வழியும்

நாச்சியார்கோவில் விளக்குக் கடை தளத்தில், அரக்குச் சிவப்புப் பின்னணி மேல் லோகோ வைத்தால் வெள்ளைக் கட்டம் தெரிகிறது, ஜிஃப் (GIF) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் ஓரம் பிசிறடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டத்துக்குக் காரணம் ஜேபெக் (JPEG) என்ற படக் கோப்பு வடிவம். அதில் ஒளிபுகும் தன்மையைச் சேமிக்க இடமே கிடையாது, காலி இடத்தை ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பிவிடும். கோப்பின் பெயரில், ஒளிபுகுதலைக் காக்கும் வடிவமான பிஎன்ஜி (PNG) என்று மாற்றிப் போட்டாலும் போனது திரும்பாது. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.

ஜிஃப்பில் ஒரு புள்ளி (பிக்சல்) முழுசாகத் தெரியும், இல்லாவிட்டால் முழுசாக மறையும். நடுநிலை கிடையாது. விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளைவை மென்மையாக்கும் அரைகுறைப் புள்ளிகள் வெள்ளையோடு கலந்து உறைந்திருக்கும். பிசிறு அதுதான்.

ஃபோட்டோஷாப்பில் முதலில் பின்னணி லேயரை (அடுக்கை) அணைத்துவிடுங்கள். சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் தெரிந்தால் சரி, அந்த இடம் ஒளிபுகுகிறது என்று அர்த்தம். பிறகு 'சேவ் ஃபார் வெப்' போய் பிஎன்ஜி-24, டிரான்ஸ்பரன்ஸி டிக். பிஎன்ஜி-8 வேண்டாம், அங்கேயும் ஜிஃப் கதைதான். 24-இல் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படி ஒளிபுகுதல் கிடைக்கும். எந்த நிறத்தின் மேலும் ஓரம் ஒட்டி உட்காரும். அதற்குப் பிறகும் வெள்ளைக் கோடு தெரிந்தால், லேயர் மெனுவில் மேட்டிங், 'ரிமூவ் ஒயிட் மேட்'.

கோப்பு கனமாக இருந்தால் வெப்பி (WebP) வடிவத்தில் எடுங்கள், அதுவும் ஒளிபுகுதலைக் காக்கும்.

முக்கியமாக, தளம் செய்பவருக்கு வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், ஜேபெக் ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.